மலிவான கம்ப்ரஷன் டிரைவரும் ஹார்னும்: 12 அங்குல வூஃபருக்கு எது பொருந்தும்?

#1 · தச்சுமேசை

வணக்கம் நண்பர்களே. வீட்டுக்கு இருவழி ஸ்பீக்கர் ஒரு ஜோடி கட்டப்போகிறேன்: கீழ்ச் சுரங்களுக்கு வூஃபர், மேல் சுரங்களுக்கு கம்ப்ரஷன் டிரைவர், அதன் முன்னே விரியும் குழாயாக ஹார்ன். வூஃபர் கையில் இருக்கிறது: 12 அங்குலம், 8 ஓம், 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 96 டெசிபல். உட்காரும் இடம் 3 மீட்டர் தள்ளி. மேல்பகுதிக்கு மூன்று வழி தெரிகிறது.

அ) பழைய 2 அங்குலத் தொண்டை (ஒலி ஹார்னுக்குள் நுழையும் துளை) டிரைவர், பெரிய ஹார்னோடு.
ஆ) 25 மி.மீ. டயஃப்ரம் (அதிரும் சவ்வு) உள்ள 1 அங்குல டிரைவர். ரொம்ப மலிவு.
இ) 44 மி.மீ. டயஃப்ரம் உள்ள 1 அங்குல டிரைவர். நடுத்தர விலை.

வாட் கணக்கில் பார்த்தால் முதலாவதுதான் பலசாலி. செலவு குறையணும், காதையும் குத்தக்கூடாது. எதை எடுக்கலாம்?

#2 · கூம்பொலி

டிரைவரை ஓரமாக வையுங்கள். முதலில் வூஃபர், அடுத்து ஹார்ன், கடைசியில்தான் டிரைவர்.

எந்த வூஃபரும் அலைவெண் ஏற ஏறக் குறுகலாக ஒலிக்கும். நேர்கோட்டிலிருந்து 45 டிகிரி விலகினால் 6 டெசிபல் குறைகிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே மொத்தப் பரவல் 90 டிகிரி. கூம்பின் விட்டத்தை வைத்துப் போட்ட தோராயக் கணக்கு: 15 அங்குலத்துக்கு 1 கிலோஹெர்ட்ஸ், 12க்கு 1.3, 10க்கு 1.6, 8க்கு 2.1. ஹார்னும் 90 டிகிரி என்றால் கிராஸ்ஓவர் (வூஃபர் விட்டு டிரைவர் எடுத்துக்கொள்ளும் அலைவெண்) இந்தப் புள்ளியை ஒட்டியே விழ வேண்டும். உங்களுக்கு 1.3 முதல் 1.4 கிலோஹெர்ட்ஸ்.

அதை விட்டு 2.5இல் பிரித்தால் என்ன ஆகும்? 2 கிலோஹெர்ட்ஸில் வூஃபர் 60 டிகிரிக்கும் கீழே சுருங்கியிருக்கும், அடுத்த படியில் ஹார்ன் சட்டென்று 90க்கு விரியும். நேர் எதிரே வைத்த மைக்குக்கு இது தெரியாது, வரைபடம் தட்டையாகவே வரும். பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியில் மட்டும் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மேடு கட்டி நிற்கும். "வரைபடம் அழகா இருக்கு, ஆனா கத்துது" என்று வருகிற புகார்களில் பாதி இந்த ரகம்.

ஹார்ன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு ஹார்ன் வடிவமைப்பாளர் டான் கீல் 1975இல் கொடுத்த சூத்திரம் இன்றைக்கும் போதும். 25,40,000ஐ எடுத்து, வாயின் அகலம் (செ.மீ.) × பரவல் கோணம் (டிகிரி) என்ற பெருக்கலால் வகுங்கள். எந்த ஹெர்ட்ஸ் வரை அந்த ஹார்ன் தன் கோணத்தைப் பிடித்து வைக்கும் என்று விடை வரும். 30 செ.மீ. அகலம், 90 டிகிரி: 940 ஹெர்ட்ஸ். நல்லது, 1.3க்கு இடம் இருக்கிறது. அதே ஹார்னின் உயரம் 16.5 செ.மீ., செங்குத்துக் கோணம் 60 டிகிரி என்றால் 2,566 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே மேலும் கீழும் ஒலி தன்போக்கில் விரியும். வீட்டில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் உயரம் குறைந்த ஹார்ன் வூஃபருக்கு நெருக்கமாக உட்காரும். 12 அங்குல சட்டத்தின் பாதி 15.5, ஹார்னின் பாதி 8.3, ஆக மையத்துக்கு மையம் 24 செ.மீ. 1.3 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் 26 செ.மீ. உள்ளே அடங்குகிறது.

#3 · ஓம்விதி

வாட்டைப் பார்த்து டிரைவர் வாங்குறது மேடைக்காரங்க வேலை. வீட்டுக் கணக்கு இதுதான்: 3 மீட்டர்ல உச்சக்கட்டம் 102 டெசிபல் வேணும்னு வைங்க, அதுவே ஜாஸ்தி. தூரத்துக்கு 9.5 கூட்டினா 1 மீட்டர்ல 111.5. டிரைவர் 108 டெசிபல்னா அதுக்கு 2.2 வாட். அவ்வளவுதான். பெட்டியில 40 வாட்னு எழுதியிருந்தா என்ன, 80னு எழுதியிருந்தா என்ன? அந்தக் காசை ஹார்ன்ல போடுங்க.

#4 · அலைநீளம்

மூன்று வழிகளில் இரண்டைக் கழித்துவிடலாம்.

அ) தொண்டையின் விட்டமும் அலைநீளமும் சமமாகும் இடத்துக்கு மேலே, ஹார்னின் சுவர் சொல்வதை ஒலி கேட்பதில்லை. தொண்டையிலிருந்து நேர்க்கற்றையாகப் பாயும். 2 அங்குலத்துக்கு அந்த இடம் 6.8 கிலோஹெர்ட்ஸ், 1.4 அங்குலத்துக்கு 9.6, 1 அங்குலத்துக்கு 13.5. பழைய 2 அங்குல டிரைவர்கள் பலவற்றில் டயஃப்ரமும் 4 அங்குலம், 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே தாறுமாறாக நெளியும். மேலே தனியாக ஒரு ட்வீட்டர் கேட்கும். இருவழி முவ்வழியாகிவிடும், செலவு மிச்சம் என்ற பேச்சே இல்லை.

ஆ) 25 மி.மீ. டயஃப்ரத்தின் பரப்பு, 44 மி.மீ. உடையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதே சத்தத்துக்கு மூன்று மடங்கு தூரம் நகர வேண்டும். ஒவ்வொரு ஆக்டேவ் (அதாவது அலைவெண் பாதியாக) கீழே இறங்கும்போதும் நகர்வு இரட்டிக்கும், ஹார்ன் பிடிப்பை விட்ட பிறகு அதைவிட வேகமாக ஏறும். இந்த ரகத்தை 2.2 அல்லது 2.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் நம்பலாம். 8 அங்குல வூஃபருக்கு அருமையான ஜோடி. 12க்கு அல்ல.

மிச்சம் இ). 1 அங்குலத் தொண்டை, 44 மி.மீ. டயஃப்ரம். விவரத்தாளில் இரண்டு எண்ணைத் தேடுங்கள். ஒன்று, ஒத்ததிர்வு அலைவெண். ஃபில்டர் ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிந்தால் கிராஸ்ஓவர் அதைப்போல ஒன்றரை மடங்காவது இருக்கணும், 12 டெசிபல் சரிவென்றால் இரண்டு மடங்கு. இன்னொன்று, தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்சக் கிராஸ்ஓவர். இந்த ரகத்து டிரைவரான பி அண்ட் சி டிஇ250க்கு 1.6 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பார்கள். முழு வாட்டும் மணிக்கணக்கில் ஏற்றினால் தாங்க வேண்டும் என்பதற்காகப் போட்ட எல்லை அது. ஓம்விதி சொன்ன 2 வாட்டில், 24 டெசிபல் சரிவோடு, 1.3 அல்லது 1.4 வரை இறக்கலாம். 1க்கு இறக்காதீர்கள், நகர்வும் திரிபும் அங்கே கிடுகிடுவென ஏறும்.

#5 · தச்சுமேசை

தெளிவாகிவிட்டது, இ) தான். இரண்டு சந்தேகம். 1 அங்குலம் என்றால் எந்த ஹார்னிலும் மாட்டலாமா? அப்புறம் டைட்டானியமா, பிளாஸ்டிக் டயஃப்ரமா?

#6 · திருகாணி

மாட்டுவதில் மூன்று வகை புழக்கத்தில் இருக்கிறது.

திருகு வகை: 1⅜ அங்குல விட்டம், அங்குலத்துக்கு 18 மரை. செலினியம் டி220டிஐ இந்த ரகம்.
இரு போல்ட்: துளைக்குத் துளை 76 மி.மீ., எம்6.
மூன்று போல்ட்: 57 மி.மீ. வட்டத்தில் 120 டிகிரிக்கு ஒன்று, எம்6.

போல்ட் வகை டிரைவர்கள் பலவற்றில் இரண்டு அமைப்புக்கும் துளை இருக்கும். ஹார்னில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டு டிரைவர் வாங்குங்கள். திருகு ஹார்னில் போல்ட் டிரைவரை மாட்ட அடாப்டர் கிடைக்கும்தான். ஆனால் அது இடையில் ஒரு நேர்க்குழாயை நுழைக்கிறது. ஹார்ன் விரியத் தொடங்க வேண்டிய இடத்தில் குழாய் விரியாமல் நிற்கும், இரு முனையிலும் சின்னப் படிக்கட்டு உண்டாகும். 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே பல் பல்லாக வரைபடம் வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

அடாப்டர் இல்லாமலேயே படிக்கட்டு வரும். டிரைவரின் துளை 25.4, ஹார்னின் துளை 27 என்று இருப்பது சர்வசாதாரணம். விரலை உள்ளே விட்டுத் தடவினால் விளிம்பு தட்டும். ஹார்ன் பெரிதாக இருந்தால் எப்பாக்சிப் பசையால் நிரப்பிச் சரிவாகத் தேயுங்கள். சிறிதாக இருந்தால் உருட்டிய 120 எண் உப்புத்தாளால் அகட்டலாம். டிரைவரைக் கழற்றி வைத்துவிட்டுத் தேயுங்கள். தூள் ஃபேஸ் பிளக் (டயஃப்ரத்துக்கு முன்னால் உள்ள கட்டை) இடுக்கில் விழுந்தால் திரும்ப எடுப்பது பெரும்பாடு, அது இரும்புத் தூளாக இருந்தால் காந்தம் விடவே விடாது.

#7 · கூம்பொலி

மலிவான ஹார்ன்களில் எது தேறும் என்பதற்கு ஒரு பார்வைச் சோதனை. வாயிலிருந்து தொண்டையை எட்டிப் பாருங்கள். வட்டத் தொண்டை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, முறிவே இல்லாமல் வாய் வரை வந்து, விளிம்பில் வெளிப்புறமாக வளைந்தால் எடுக்கலாம். தொண்டை ஒரு நெட்டுக்குத்து இடுக்காகச் சுருங்கி, அங்கிருந்து சட்டென விரிந்தால் அது டிஃப்ராக்ஷன் ஹார்ன். கோணத்தை நன்றாகப் பிடிக்கும், ஆனால் அந்த இடுக்கில் பட்டு ஒலி திரும்பி டிரைவருக்கே வரும். பெரிய அரங்குக்கு அது சரி, 3 மீட்டரில் உட்கார்ந்து கேட்க வேண்டாம்.

பழைய எக்ஸ்பொனென்ஷியல் ஹார்ன் (மடங்கு மடங்காக விரிவது) கீழே நன்றாகப் பிடிக்கும், ஈக்குவலைசேஷனும் (அலைவெண் வாரியாகச் சத்தத்தைத் திருத்துவது) அதிகம் கேட்காது. காரணம், மேலே போகப் போகக் கற்றை குறுகுவதால் நேர் எதிரே மட்டும் சத்தம் தக்கவைக்கப்படுகிறது. ஒரு அடி நகர்ந்து உட்கார்ந்தால் சிம்பல் காணாமல் போகும். ஒருவர் மட்டும் ஒரே நாற்காலியில் கேட்பதென்றால் அதுவும் பரவாயில்லை.

வீட்டுக்கு ஓப்லேட் ஸ்ஃபீராய்டல் வளைவில் செய்த வேவ்கைடுதான் (முறிவில்லாமல் விரியும் ஹார்ன்) என் தேர்வு. ஒலியியலாளர் ஏர்ல் கெடெஸ் பரப்பிய வடிவம், அதன் வழிவந்த நீள்வட்ட வார்ப்புகள் மலிவாகவே கிடைக்கின்றன. 3டி அச்சு எடுக்க வசதி இருந்தால் சுவர் 5 மி.மீ.க்குக் குறையாமல் எடுங்கள்.

மெல்லிய பிளாஸ்டிக் ஹார்னை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். "டங்" என்று ஓசை நின்றால் பின்புறம் பிட்டுமென் தாள் இரண்டு அடுக்கு ஒட்டணும். ஃபெரைட் காந்த டிரைவர் கனமானது. ஹார்னின் கழுத்தை மட்டும் நம்பித் தொங்கவிட்டால் நாளடைவில் தொண்டைப் பக்கம் கோணும். அடியில் ஒரு மரத்தாங்கல், நடுவே ரப்பர்த் துண்டு.

#8 · அலைநீளம்

டைட்டானியம் விஷயம். காது குத்தலுக்கெல்லாம் அதைக் குற்றம் சொல்வது பழகிப்போச்சு. டைட்டானியம் விறைப்பானது, எனவே முறிவு (டயஃப்ரம் ஒன்றாக நகராமல் நெளிவது) மேலே போய் நடக்கும், ஆனால் நடக்கும்போது கூரிய சிகரமாக நடக்கும். பாலிமர் சீக்கிரமே முறியும், ஆனால் உள்ளூர அதிர்வைத் தின்றுவிடுவதால் மென்மையாக இறங்கும். டிஇ250இன் டயஃப்ரம் பாலிஇமைடு. ஃபைட்டல் எச்எஃப்108இல் கீட்டோன் பாலிமர். மேல்முனையைப் பெரிதாகத் திருத்த வசதி இல்லாத பேசிவ் (ஆம்ப்புக்குப் பின்னால் காயில், கெப்பாசிட்டரால் பிரிக்கும்) கட்டுமானத்துக்குப் பாலிமரே தோது.

#9 · ஓம்விதி

> டைட்டானியம் குற்றவாளி இல்லை

பாதி ஒத்துக்கிறேன். காது குத்துற இடம் பெரும்பாலும் 2.5 முதல் 4 கிலோஹெர்ட்ஸ். டைட்டானியம் முறியுறது அதுக்கு ரொம்ப மேல. அந்தக் குத்தல் ஹார்னோட வேலை, இல்லாட்டி எல்-பேட் (சத்தத்தைக் குறைக்கிற ரெண்டு ரெசிஸ்டர்) சரியாப் போடாததோட வேலை. டயஃப்ரம் மாத்தி அது தீராது.

சரி, பேசிவ் கிராஸ்ஓவர். உங்க வூஃபர் 96, டிரைவர் 108. 12 டெசிபல் குறைக்கணும். 8 ஓமுக்கு எல்-பேட்: தொடரில் 6 ஓம், குறுக்கே 2.7 ஓம், 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர். இதை ஃபில்டருக்கும் டிரைவருக்கும் நடுவுல போடணும், ஃபில்டருக்கு முன்னால இல்ல. அங்கே போட்டா இலவசமா ஒரு நன்மை: ஒத்ததிர்வுல டிரைவரோட இம்பீடன்ஸ் (அலைவெண்ணோட மாறுற மின்தடை) 40 ஓமுக்கு எகிறினாலும் ஃபில்டர் பார்க்கிறது 8.5 ஓம்தான். அந்த மேட்டை அடக்கத் தனிச் சுற்று வேண்டாம்.

1.4 கிலோஹெர்ட்ஸ், மூணாம் படி ஹைபாஸ் (மேல் அலைவெண்ணை மட்டும் விடுற ஃபில்டர்), 8 ஓம்: முதல் கெப்பாசிட்டர் 9.1 மைக்ரோஃபாரட், குறுக்கே 0.68 மில்லிஹென்ரி காயில், அடுத்த கெப்பாசிட்டர் 27 மைக்ரோஃபாரட். ஹார்னோட இயல்பான சரிவும் சேர்ந்தா ஒலியில 24 டெசிபலுக்குப் பக்கமா வரும். இது தொடக்கம்தான், மைக் வெச்சு முடிக்கணும்.

அடுத்தது முக்கியம். கோணத்தை ஒரே மாதிரி பிடிக்கிற ஹார்ன்ல 3, 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல டிரைவர் ஆக்டேவுக்கு 6 டெசிபல் மாதிரி இறங்கும். குறை இல்ல, டயஃப்ரத்தோட எடை அப்படி. இதைத் தூக்க 6 ஓம் மேல ஒரு கெப்பாசிட்டரைப் பக்கவழியாப் போடுவாங்க. 4.7 மைக்ரோஃபாரட் போட்டா மேல ஏறும். ஆனா கெப்பாசிட்டர் 6 ஓமைத் தாண்டிப் போயிடுது, மிஞ்சுறது 2.7ம் 8ம் இணையா, 2 ஓம் சொச்சம். எல்-பேட் வாசல்ல 20 கிலோஹெர்ட்ஸ்ல 2.9 ஓம்தான். 10 மைக்ரோஃபாரட் போட்டீங்கன்னா அதே 2.9 ஓம் 10 கிலோஹெர்ட்ஸ்லயே வந்துடும். 4 ஓம்கூடப் பிடிக்காத ஆம்ப் இதுல சூடாகும், சிலது அலற ஆரம்பிக்கும். தீர்வு: கெப்பாசிட்டரோட தொடரா 1.5 ஓம். 20 கிலோஹெர்ட்ஸ்ல 3.6 ஓமா நிக்கும். தூக்கல் 5 கிலோஹெர்ட்ஸ்ல 2.7, 10ல 5, 20ல 7 டெசிபல். வீட்டுக்கு இதுக்கு மேல வேண்டாம்.

#10 · அளவுகோல்

டிஎஸ்பியும் (டிஜிட்டலாக ஒலியைப் பிரித்துத் திருத்தும் கருவி) இரண்டு ஆம்ப்பும் இருந்தால் மேலே சொன்ன தலைவலியில் பாதி இல்லை. வேறு இரண்டு தலைவலி வரும்.

ஒன்று, பாதுகாப்பு. ஆம்ப் போடும்போது எழும் "தொப்" ஓசையோ, ஆம்ப் கெட்டால் பாயும் நேர்மின்சாரமோ டிரைவரை ஒரே நொடியில் முடிக்கும். டிஎஸ்பியில் தவறான செட்டிங்கை ஏற்றினாலும் அதே கதி. 39 அல்லது 47 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டரைத் தொடரில் போட்டுவிடுங்கள். 8 ஓமில் 40 மைக்ரோஃபாரட் என்றால் 500 ஹெர்ட்ஸில் திரும்பும், 1.4க்கு ரொம்பக் கீழே.

இரண்டு, "ஸ்ஸ்ஸ்". 108 டெசிபல் டிரைவரில் ஆம்ப்பின் சொந்த இரைச்சல் அப்படியே காதுக்கு வரும். 1 மில்லிவோல்ட் இரைச்சல் உள்ள ஆம்ப் 1 மீட்டரில் 39 டெசிபல் தரும், இரவில் நன்றாகவே கேட்கும். 0.1 மில்லிவோல்ட் என்றால் 19, தொந்தரவில்லை. டிஎஸ்பியில் ஒலியைக் குறைத்தால் இது குறையாது, இரைச்சல் பிறப்பது அதற்குப் பிறகு. ஓம்விதி சொன்ன அதே 6 ஓம், 2.7 ஓம் எல்-பேடை இப்படி டிஎஸ்பி வைத்த ஆக்டிவ் கட்டுமானத்திலும் ஆம்ப்புக்குப் பின்னால் போடுங்கள், பக்கவழிக் கெப்பாசிட்டர் மட்டும் வேண்டாம். இரைச்சல் 12 டெசிபல் இறங்கும்.

தாமதம்: டிரைவரின் டயஃப்ரம் ஹார்னின் ஆழத்துக்குப் பின்னால் இருக்கிறது. வூஃபரைவிட 14 செ.மீ. பின்தங்கினால் வூஃபருக்கு 0.41 மில்லிவினாடி தாமதம் கொடுங்கள். பிறகு டிரைவரின் கம்பிகளை மாற்றிப்போட்டு அளந்து பாருங்கள். கிராஸ்ஓவர் புள்ளியில் 20 டெசிபலுக்குக் குறையாத பள்ளம், இரு பக்கமும் சமச்சீராக, விழணும். பள்ளம் சாய்வாக இருந்தால் தாமதத்தை 0.02 படியாக நகர்த்துங்கள். சரியானதும் கம்பியைத் திரும்ப மாற்ற மறக்க வேண்டாம்.

#11 · திருகாணி

மலிவு ரகத்தில் போலி ஒட்டுத்தாள் தாராளம். ஒரே பெயரில் வாங்கிய இரண்டு டிரைவருக்குள்ளே வித்தியாசம் இருக்கும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்யுங்கள்:

இரண்டையும் ஒரே ஹார்னில் மாற்றி மாற்றி மாட்டி இம்பீடன்ஸ் எடுங்கள். ஒத்ததிர்வு உச்சி இரண்டிலும் 10 சதவீதத்துக்குள் நிற்கணும். அதற்கு மேல் விலகினால் டயஃப்ரம் ஒன்று நடுவில் உட்காரவில்லை, அல்லது வேறு டயஃப்ரம்.

அடுத்து, 47 மைக்ரோஃபாரட் தொடரில் இருக்க, 1 வோல்ட்டில் 500 ஹெர்ட்ஸிலிருந்து 3 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக சைன் அலை. வாய்ஸ் காயில் உரசினால் சுரத்தோடு கரகரப்பு சேரும், ஓரிரு இடத்தில் மட்டும் வரும், கவனமாகக் கேளுங்கள். பின்மூடியைத் திறந்து டயஃப்ரத்தின் திருகுகளைத் தளர்த்தி, சைன் ஓடும்போதே அலுங்காமல் நகர்த்தி, கரகரப்பு போன இடத்தில் குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். பாதி டிரைவர்கள் இதிலேயே சரியாகும். காந்த இடுக்கில் அழுக்கு இருந்தால் மாஸ்கிங் டேப்பை ஒட்டும் பக்கம் இருபுறமும் வெளியே வருமாறு மடித்து, ஒரு சுற்று ஓட்டி எடுத்தால் ஒட்டிக்கொண்டு வரும்.

20 ஹெர்ட்ஸிலிருந்து ஸ்வீப் விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

(ஹார்ன் வடிவில் விற்கும், படிகத்தால் அதிரும் பியசோ ட்வீட்டரைக் கம்ப்ரஷன் டிரைவர் என்று நினைத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பின்னால் காந்தம் இல்லாமல் இறகுபோல லேசாக இருந்தால் அதுதான் பியசோ.)

#12 · தச்சுமேசை

இ) ரக டிரைவர், 30×16.5 வேவ்கைடு, ஓம்விதியின் சுற்று. பெட்டியை 1.4 மீட்டர் உயரத்தில் வைத்து 1 மீட்டரில் மைக். ஆர்இடபிள்யூ அளவீட்டு மென்பொருளில் 5.5 மில்லிவினாடி சாளரம், தரை எதிரொலி வருமுன் வெட்டுவதற்கு. 1.4இல் சேர்க்கை நன்றாக வருகிறது, கம்பி மாற்றினால் 24 டெசிபல் பள்ளம். ஆனால் 3.5 கிலோஹெர்ட்ஸில் 4 டெசிபல் குழி. கிராஸ்ஓவரை எப்படி மாற்றினாலும் போகவில்லை. ஈக்குவலைசர் வைத்து நிரப்பலாமா?

#13 · அளவுகோல்

பக்கவாட்டில் 10, 20, 30 டிகிரியில் அளந்தீர்களா?

#14 · தச்சுமேசை

10இல் 2 டெசிபல். 20இல் குழியே இல்லை. 30இலும் இல்லை.

#15 · கூம்பொலி

அப்படியென்றால் நிரப்பக் கூடாது. ஹார்னின் விளிம்பில் ஒலி சிதறி, எல்லாப் பக்கத்திலிருந்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நேர் எதிரே வந்து சேர்கிறது, நேராக வரும் ஒலியோடு மோதி அழிக்கிறது. அந்தச் சமச்சீர் நேர்கோட்டில் மட்டும்தான். 4 டெசிபல் ஏற்றினால் நேர் எதிரே தட்டையாகும், மற்ற எல்லாக் கோணத்திலும் 3.5இல் 4 டெசிபல் மேடு. அந்த மேட்டைத்தான் அறை உங்களுக்குத் திருப்பிக் கொடுக்கும், காது குத்துவது அங்கிருந்துதான்.

ஹார்னை பேஃபிளோடு (பெட்டியின் முன்பலகை) சமமட்டத்தில் பதித்து, பேஃபிளின் ஓரத்தை 25 மி.மீ. ஆரத்தில் உருட்டுங்கள். குழி பாதியாகும். மிச்சத்துக்குக் கிராஸ்ஓவரை 20 டிகிரி வரைபடத்தைப் பார்த்து முடியுங்கள், கேட்பதும் அதே 20 டிகிரியில்.

#16 · தச்சுமேசை

20 டிகிரியில் கேட்பது என்றால் ஸ்பீக்கரை வெளிப்பக்கம் திருப்பவா, உள்பக்கமா?

#17 · கூம்பொலி

உள்பக்கம். இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே 2.4 மீட்டர், உங்களுக்கு 3 மீட்டர் என்றால், சுவருக்கு நேராக நிற்கும் பெட்டியை 45 டிகிரி உள்நோக்கித் திருப்புங்கள். 21 டிகிரி விலகலில் உட்கார்ந்திருப்பீர்கள். இதில் இன்னொரு லாபம், நாற்காலியில் இடப்பக்கம் நகர்ந்தால் இடது ஸ்பீக்கர் நெருங்கும், ஆனால் அதன் நேர்கோட்டிலிருந்து இன்னும் விலகுவீர்கள், வலதின் நேர்கோட்டுக்குள் வருவீர்கள். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிப் பாடகர் நடுவிலேயே நிற்பார். கோணமானி தேட வேண்டாம். ஒவ்வொரு ஹார்னின் மையத்திலிருந்தும் நேராக ஒரு நூல் இழுங்கள். இரண்டு நூலும் ஸ்பீக்கர் வரிசையிலிருந்து 1.2 மீட்டர் முன்னால், உங்கள் நாற்காலிக்கு ஒன்றரை மீட்டர் முன்பாக, சந்திக்கணும்.